நியர் மிஸ்

ஓசூரிலிருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் தொரப்பள்ளிப் பக்கமாக உள்ளே திரும்பினால், ரோஜா வளர்க்கிற பசுமைக் குடில்களுக்கு நடுவில் தகரக் கூரை போட்ட நீளமான கட்டடம் ஒன்று இருக்கிறது. அதைக் கட்டிய கௌஸ் மொய்தீன் குடோன் என்பார். அவர் மகன் மன்சூர் யூனிட் என்பான். வேலைக்கு வருகிற பெண்கள் கம்பெனி என்பார்கள். பெயின்ட் வாளி, எண்ணெய் கேன், உடைந்த நாற்காலி, சொட்டுநீர்க் குழாய், கார் கம்பெனிகள் கழித்துப் போடும் பம்பர் என்று பழைய பிளாஸ்டிக் அங்கே லோடு லோடாக வந்து இறங்கும். பெண்கள் உட்கார்ந்து இனம் பிரிப்பார்கள். வாளியின் கம்பிப் பிடியைப் பிடுங்கி, ஒட்டியிருக்கும் காகிதத்தைப் பிளேடால் சுரண்டிக் கிரைண்டர் பக்கம் தள்ளுவார்கள். கிரைண்டர் அதைச் சில்லு சில்லாக வெட்டும். சில்லைத் தொட்டியில் அலசிக் காயவைத்து, உருக்கி, இடியாப்பம் போல இழுத்து, மறுபடி நறுக்கினால் அரிசி மாதிரி மணிமணியாக விழும். தானா என்று அதற்குப் பெயர். தானா மூட்டையாகி மறுபடி ஏதோ ஒரு கம்பெனிக்குப் போய் ஏதோ ஒரு பொருளாகும்.

இந்த வேலையெல்லாம் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் நடந்துகொண்டிருந்தது. ஐப்பசியில்தான் இங்கிலீஷ் வந்தது.

கார் பாகங்கள் செய்கிற பெரிய கம்பெனி ஒன்று இவர்களிடம் தானா வாங்க முன்வந்தது. வருஷம் முழுக்க நிற்காத ஆர்டர். ஆனால் அவர்கள் சரக்கு வெளிநாட்டுக்குப் போகிறது. அதனால் அங்கிருந்து ஓர் ஆடிட்டர் வந்து நேரில் பார்த்து, வேலை செய்கிறவர்களிடம் பேசிவிட்டுப் போன பிறகுதான் எதுவும் முடிவாகும் என்று சொல்லிவிட்டார்கள்.

மன்சூர் தன் மனைவி நபீலாவிடம் வந்து நின்றான். கிருஷ்ணகிரிப் பெண். இங்கிலீஷ் இலக்கியம் படித்தவள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தப் படிப்புக்கு வீட்டில் ஒரு வேலையும் இருக்கவில்லை.

“அவங்க கேக்கற வார்த்தைங்க மட்டும் இவங்களுக்குத் தெரிஞ்சா போதும்” என்றான். “மத்ததுக்கு நீ பக்கத்துல நின்னு மாத்திச் சொல்லிடு.”

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வகுப்பு நடந்தது. களி தின்ற பாத்திரங்களைத் தொட்டித் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் பெண்கள் சாக்கு மூட்டைகளின் மேல் உட்கார்ந்துகொண்டார்கள். கௌஸ் மொய்தீனின் மனைவி ரோஷன் பீயும் வந்து உட்கார்ந்தாள். பிரிக்கிற இடம் முழுக்க அவள் பொறுப்பு.

“நாம இனம் பிரிக்கிறோம் இல்ல, அதுக்கு செக்ரிகேஷன்னு பேரு” என்றாள் நபீலா. “பிரிச்ச சரக்குல வேற ஏதாச்சும் கலந்துட்டா கன்டாமினேஷன்.”

“கன்னடாவா?” என்றாள் கெம்பம்மா. அவள் அத்திப்பள்ளியைத் தாண்டிக் கர்நாடகப் பக்கத்துக்காரி. “நம்ம பாஷைல இப்பிடி ஒண்ணு நான் கேட்டதே இல்லியே.”

“எங்கிருந்து சரக்கு வந்து எங்க போவுதுங்கற வரிசைக்கு சப்ளை செயின்.”

“செயினுன்னா எத்தினி பவுனும்மா?”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. புதுப் பிளாஸ்டிக்குக்கு விர்ஜின் என்று பெயர், விர்ஜின் என்றால் கன்னி என்று நபீலா சொன்னபோது ரோஷன் பீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

“அப்ப நாம்ப அரைக்கறது?” என்று கேட்டாள் சுகுணா.

“அது போஸ்ட் கன்ஸ்யூமர். ஒருத்தர் வெச்சிருந்து வேணாம்னு வுட்டது.”

“வாக்கப்பட்டுத் திரும்பி வந்ததுன்னு சொல்லுங்க.”

சுகுணா சானமாவுக் காட்டை ஒட்டிய ஊரிலிருந்து வருகிறவள். அந்தக் கட்டடம் வெறும் ஓலைக் கொட்டகையாக இருந்த காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவள். அவளும் ரோஷன் பீயும் அப்போதெல்லாம் ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறார்கள். அவள் புருஷன் மணி ரோஜாத் தோட்டம் ஒன்றில் பூ வெட்டுகிறான். வகுப்பில் கேட்ட வார்த்தைகளைச் சுகுணா வீட்டுக்குக் கொண்டுபோனாள். களி கிண்டும்போது ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பாள். மணி, “யார வைய்யற?” என்று வெளியிலிருந்து கேட்பான்.

கடைசி வாரம் நபீலா பாதுகாப்புச் சம்பந்தமான வார்த்தைகளைச் சொல்லிக்கொடுத்தாள்.

“அடிபட இருந்து, படாம தப்பிச்சிட்டா அது நியர் மிஸ். பட்டுட்டா ஆக்சிடெண்ட்.”

“ஆக்சிடெண்ட் எங்களுக்கே தெரியும்” என்றாள் கெம்பம்மா. “ஹைவேஸ்ல தெனம் பாக்கறோம்.”

மார்கழி பிறந்தது. ராகி அறுப்பு நேரம். காலையில் பனி இறங்கினால் எதிரே வரும் ஆள் தெரியாது. கிரைண்டரில் நிற்கும் நல்லுசாமி அறுப்புக்கென்று நாட்றாம்பாளையம் போய்விட்டான். அவன் வருகிற வரைக்கும் சுகுணாவை அங்கே நிற்கச் சொன்னான் மன்சூர்.

கிரைண்டரின் வாய்க்கு ஒரு மூடி உண்டு. மூடியைத் தூக்கினால் மிஷின் தானாக நின்றுவிடும்படி ஓரத்தில் ஒரு சுவிட்ச் இருந்தது. பம்பர் நீளமான பொருள். ஒவ்வொன்றையும் போட மூடியைத் தூக்கி, இறக்கி, மறுபடி ஓட்டினால் பாதி நேரம் அதிலேயே போகிறது என்று மன்சூர் கார்த்திகையில் அந்தச் சுவிட்சில் ஒயரைச் சுற்றி வைத்துவிட்டான். அதன் பிறகு மூடி திறந்திருந்தாலும் மிஷின் ஓடியது. கௌஸ் மொய்தீன் அந்த வாரம் சேலத்தில் அக்கா மகள் கல்யாணத்தில் இருந்தார். திரும்பி வந்தும் அவர் கிரைண்டர் பக்கம் போகவில்லை. அவருக்கு மூட்டுவலி. தராசு இருக்கும் இடத்தோடு சரி.

அன்றைக்குச் சானமாவு அருகே யானைக் கூட்டம் ரோட்டைக் கடப்பதாகச் சொல்லி வனத்துறைக்காரர்கள் வண்டிகளை நிறுத்தி வைத்துவிட்டார்கள். பெண்களை ஏற்றிவரும் வேன் நேரம் கழித்தே வந்து சேர்ந்தது. சாம்பிள் சரக்கு ஏற்ற லாரி வெளியே நின்றிருந்தது. மன்சூர் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தான்.

“சுருக்கா ஆவட்டும்க்கா” என்றான் சுகுணாவிடம்.

அவள் பம்பர்களை ஒன்றன்பின் ஒன்றாகத் தள்ளினாள். ஒரு துண்டு குறுக்கே மாட்டி நின்றது. தள்ளுகிற கட்டை கைக்கு எட்டவில்லை. உள்ளங்கையால் அழுத்தினாள். துண்டு சட்டென்று உள்ளே இறங்கியது, கையும் கூடவே இறங்கியது.

மிஷின் சத்தத்தில் அவள் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. அவள் உட்காருவதைக் கெம்பம்மா பார்த்தாள். வலது கையில் நடு விரலும் மோதிர விரலும் பாதிக்கு மேல் இல்லை.

ஓசூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருத்துவச் செலவு முழுக்கக் கௌஸ் மொய்தீன் பார்த்துக்கொண்டார். ரோஷன் பீ தினமும் சாப்பாடு கொண்டுபோனாள். அவரைக்காய்ப் பருவம். அவரைக்கொட்டை போட்டுக் குழம்பு வைத்து, களியை உருண்டையாக உருட்டி, தானே பிட்டுச் சுகுணாவின் வாயில் வைத்தாள்.

மணி ஒருநாள் வராந்தாவில் கௌஸ் மொய்தீனைத் தனியாகப் பிடித்தான். சத்தம் போடப்போகிறான் என்றுதான் அவர் நினைத்தார்.

“பாய், அவுளுக்கு அந்த வேல இருக்குங்களா?” என்று மட்டும் கேட்டான்.

“இருக்கும்ப்பா. எங்க போவுது.”

“எழுதிக் கேக்கல. வாயால சொன்னா போதும்.”

“சொல்லிட்டேன்.”

மன்சூர் எல்லாரிடமும் ஒரே மாதிரி சொன்னான். சிக்கிய துண்டை எடுக்க மிஷினை நிறுத்தாமல் அக்கா கையை விட்டுவிட்டாள். கௌஸ் மொய்தீனிடமும் அப்படியே சொன்னான். ஒயரைப் பற்றிப் பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அமளியிலேயே வேலையாள் ஒருவன் ஒயரைப் பிரித்து எறிந்திருந்தான்.

நபீலா அதைப் பார்த்திருந்தாள். மன்சூர் துணி மடித்துக்கொண்டிருந்த அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது கேட்டாள்.

“ஒயர் நீங்க கட்டுனதுதான?”

“ஆர்டர் வரணும்னா சாம்பிள் போவணும். சாம்பிள் போவணும்னா மிஷின் ஓடணும். நான் வேற என்ன பண்ணியிருப்பேன்?”

“மாமாவுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சு என்ன ஆவப்போவுது.” கொஞ்சம் பொறுத்து, “ஆடிட்ல கேட்டா நியர் மிஸ்னு சொல்லிக்கலாம்” என்றான்.

“நியர் மிஸ்னா படாம போனதுங்க.”

“பட்டும் படாமயும் போச்சுன்னு வெச்சுக்க. கை முழுசா போவலியே.”

அவள் மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

தை பிறந்து ஆடிட்டுக்கு நாள் குறித்தார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தார்கள். தரையில் மஞ்சள் கோடு போட்டு, நடக்கும் வழி, வண்டி வழி என்று பிரித்தார்கள். கிரைண்டருக்குப் புதுச் சுவிட்ச் வந்தது. சுகுணா அதற்குள் வேலைக்கு வரத் தொடங்கியிருந்தாள். இடது கையால் பிரித்தாள். வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் கிள்ளிப் பிடிக்க உதவின. அன்றைக்கு மட்டும் அவளை வீட்டில் இருக்கச் சொல்லிவிடலாம் என்றான் மன்சூர். ரோஷன் பீதான் போய்ச் சொன்னாள். சுகுணா கேட்டுக்கொண்டாள். ஆனால் ஆடிட் அன்று காலையில் வேனிலிருந்து முதலில் இறங்கியவள் அவள்தான். தலை நிறையப் பூ வைத்திருந்தாள்.

“வராதன்னு சொன்னன் இல்ல?” என்றாள் ரோஷன் பீ.

“நான் இல்லாத நாளு என் எடத்துல வேற ஒருத்திய உக்கார வெப்பீங்க. அவ எல்லாத்துக்கும் பதிலு சொல்லுவா. அப்புறம் அது அவ எடம்க்கா.”

“அப்பிடியெல்லாம் செய்வனா நானு?”

“நீங்க செய்ய மாட்டீங்க. அதுவா ஆயிடும்.”

எல்லாருக்கும் அன்றைக்கு வெள்ளைத் துணிக் கையுறை கொடுத்திருந்தார்கள். சுகுணாவின் வலது கையுறையில் இரண்டு விரல்கள் காலியாகத் தொங்கின. ரோஷன் பீ சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துடைக்கிற பழந்துணியைச் சின்னதாகக் கிழித்து, திரி மாதிரி சுருட்டி அந்த இரண்டு விரல்களுக்குள்ளும் அடைத்தாள். வலிக்கிறதா என்று கேட்டுக் கேட்டு மெதுவாகத் திணித்தாள். நுனியை இழுத்து ஒழுங்காக்கி, கையைத் தள்ளி வைத்துப் பார்த்தாள்.

“தெரியல” என்றாள்.

ஆடிட்டர் ஒரு வெள்ளைக்காரப் பெண். நரைத்த முடியை ஆண் மாதிரி வெட்டியிருந்தாள். கூட வந்த பெங்களூரு ஆபீஸ் இளைஞனுக்கு இந்தியும் இங்கிலீஷும்தான் தெரியும். அவனை மன்சூர் தானா மூட்டைகளைக் காட்ட அழைத்துக்கொண்டு போனான். ஆடிட்டர் நபீலாவுடன் பெண்கள் இருக்கும் பக்கம் வந்தாள். கௌஸ் மொய்தீன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பின்னால் வந்தார்.

ஆடிட்டர் கேட்டபோது கெம்பம்மாவுக்கு வார்த்தை வரவில்லை. மற்றவர்களும் ஒன்றிரண்டு சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். சுகுணா பதறவில்லை. இது செக்ரிகேஷன் என்று காட்டினாள். இது ரிஜெக்ட் என்று ஒதுக்கினாள். காகிதம் ஒட்டிய வாளியைத் தூக்கிக் கன்டாமினேஷன் என்றாள். ஆடிட்டர் சிரித்தாள். வேறு ஏதோ கேட்டாள்.

“ரெண்டு பிளாஸ்டிக்கும் ஒரே மாதிரி இருந்தா எப்பிடிப் பிரிப்பீங்கன்னு கேக்கறாங்க” என்றாள் நபீலா.

அது தினசரி செய்கிற வேலைதான். சுகுணா ஒரு துணுக்கை வலது கையில் கிள்ளிப் பிடித்து, இடது கையால் லைட்டரைப் பற்றவைத்தாள். துணுக்கு எரிந்தது. அதை முகர்ந்து பார்க்கச் சொல்லி ஆடிட்டர் பக்கம் நீட்டினாள். ஆடிட்டர் குனிந்து முகர்ந்து, மூக்கைச் சுளித்து, மறுபடி சிரித்தாள்.

பிறகு சிரிப்பை நிறுத்தினாள். கையுறையின் நடு விரல் கருகிக்கொண்டிருந்தது. அடைத்த துணியில் நெருப்புப் பிடித்து நுனி சிவப்பாகக் கனன்றது. சுகுணா அது தெரியாமல் கையை நீட்டிக்கொண்டே நின்றாள். முகத்தில் பதில் சொல்லிவிட்ட சந்தோஷம் இருந்தது.

“பெங்கி, பெங்கி” என்று எழுந்தாள் கெம்பம்மா. பதற்றத்தில் அவளுக்கு நெருப்பு என்பது தமிழில் வரவில்லை.

நபீலா பாய்ந்து கையுறையை உருவினாள். திரித்துணி தரையில் விழுந்து புகைந்தது. சுகுணாவின் கை எல்லார் முன்னாலும் வெளியே இருந்தது. புதுத் தோல் இளஞ்சிவப்பாக மினுங்கியது. ரோஷன் பீ கீழே விழுந்த துணியைச் செருப்புக் காலால் மிதித்து அணைத்தாள். அதற்கப்புறம் தலை நிமிரவில்லை.

ஆடிட்டர் மெதுவாக ஒரு கேள்வி கேட்டாள்.

“என்ன ஆச்சுன்னு கேக்கறாங்க” என்றாள் நபீலா.

சுகுணா ரோஷன் பீயைப் பார்த்தாள். பிறகு நபீலாவைப் பார்த்தாள். “நீங்களே சொல்லுங்கம்மா. எனக்கு அவ்ளோ பேச வராது.”

எல்லாரும் நபீலாவின் வாயைப் பார்த்தார்கள். அவள் இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினாள். அதில் ஆக்சிடெண்ட் என்ற ஒரு வார்த்தை எல்லாருக்கும் புரிந்தது. கிரைண்டரும் புரிந்தது. மற்றதை அவர்களே சேர்த்துக்கொண்டார்கள்.

ஆடிட்டர் கிரைண்டரிடம் போனாள். மூடியைத் தூக்கி இறக்கினாள். சுவிட்சின் புதுப் பெயின்டை விரலால் தொட்டாள். விஷயம் போய்ச் சேர்ந்து மன்சூரும் வந்துவிட்டான்.

“அன்னிக்கு இருந்த சுவிட்சு வேல செஞ்சுதான்னு கேக்கறாங்க” என்றாள் நபீலா. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

“செஞ்சுது. அக்காதான் கவனிக்காம...” என்று மன்சூர் ஆரம்பித்தான்.

நபீலா அதை இங்கிலீஷில் சொல்லாமல் நின்றாள். ஆடிட்டர் காத்திருந்தாள். மன்சூர் மனைவியை முறைத்தான். அப்போதும் அவள் சொல்லவில்லை.

“செய்யல” என்றார் கௌஸ் மொய்தீன். எல்லாரும் திரும்பினார்கள். அவர் சுவிட்சின் அடியில், மிஷின் உடம்பில் பெயின்ட் படாத இடத்தில் பழைய ஒயர் அறுத்த தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் மிஷின்களோடு இருந்த மனிதருக்கு அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “அத வேல செய்யாம வெச்சது நான். ஆர்டர் வேணும்னு நான்தான் கட்டச் சொன்னேன். சொல்லும்மா.”

“அத்தா...” என்றான் மன்சூர்.

“நீ சும்மா இரு. சொல்லும்மா நபீலா.”

அது பொய் என்று நபீலாவுக்குத் தெரியும். ஒரு வார்த்தை மாற்றாமல் இங்கிலீஷில் சொன்னாள்.

ஆடிட்டர் கோபப்படவில்லை. சுகுணாவின் கையை இரண்டு கைகளாலும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டாள். கிளம்பும்போது டீயும் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டாள். சில நாட்களில் பதில் வந்தது. ஆர்டர் இப்போதைக்கு இல்லை. சொன்னவற்றையெல்லாம் சரிசெய்து, வேலை செய்கிற எல்லாரையும் இ.எஸ்.ஐ.யில் சேர்த்த பிறகு மறுபடி வந்து பார்ப்பார்கள். அதுவரைக்கும் அந்த ஆர்டர் அத்திப்பள்ளியில் இருக்கும் இன்னொரு யூனிட்டுக்குப் போகும்.

பதில் வந்த அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. மன்சூர் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

“நீங்க எதுக்கு அப்பிடிச் சொன்னீங்க?” என்று கேட்டான்.

“வேற யாரு சொல்லுவா?” என்றார் கௌஸ் மொய்தீன். “நீ சொல்லப்போறது இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. அந்தப் பொண்ணு சுகுணா தலையில போட்டுட்டு நின்னுகினு இருந்த. எனக்குப் பாக்க சகிக்கல.”

“ஆர்டர் போச்சு.”

“போச்சு.”

ரோஷன் பீ குழம்பு ஊற்ற வந்தவள் கரண்டியோடு நின்றாள். “துணிய அடச்சது நான்” என்றாள். நபீலா எழுந்து வந்து அவள் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

மன்சூர் நபீலாவோடு பேசாமலேயே நாட்களைக் கழித்தான். அவளும் வலியப் போய்ப் பேசவில்லை. மிஷின்களுக்கெல்லாம் கம்பி வலை போடுகிற வேலை நடந்ததால் யூனிட் மூடியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் பைக்கை எடுத்துக்கொண்டு சுகுணாவின் ஊருக்குப் போனான். எங்கே போகிறான் என்று வீட்டில் சொல்லவில்லை.

வாசலில் சாக்கு விரித்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள் சுகுணா. மணி வேலிக்கு முள் கட்டிக்கொண்டிருந்தான். முந்தின வாரம் யானை வந்து வேலியைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். மன்சூர் அதில் உட்காரவில்லை. சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

“காப்பி வெக்கட்டுங்களா தம்பி?”

“வேணாங்க்கா.” தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான். “ஒண்ணு சொல்லணும்னு வந்தேன். அன்னிக்கு அத்தா சொன்னது நெசம் இல்ல. அவரு சேலத்துல இருந்தாரு. சுவிட்ச ஒயரப் போட்டுக் கட்டுனது நான்தான். நீங்க கவனிக்காம கைய வுட்டுட்டீங்கன்னு ஊரெல்லாம் சொன்னதும் நான்தான்.”

மணி முள் கட்டுவதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான்.

சுகுணா கையிலிருந்த காயை உரித்து முடித்துக் கொட்டையை முறத்தில் போட்டாள்.

“தெரியும் தம்பி” என்றாள்.

“யாரு சொன்னாங்க? நபீலாவா?”

“யாரும் சொல்லல. நீங்க கட்டுனப்ப கரண்டு இல்ல. இருட்டா இருந்துச்சு. நீங்க மிஷின் மேல ஏறி நின்னுகினு, டார்ச்ச இந்தப் பக்கம் அடி, அந்தப் பக்கம் அடின்னு சொன்னீங்க. கீழ நின்னு அடிச்சது நான்தான்.”

மன்சூர் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவனுக்கு வெளிச்சம் ஞாபகம் இருந்தது. அதைப் பிடித்திருந்த ஆள் ஞாபகம் இல்லை.

மணி வேலியை விட்டு வந்து மனைவியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அவனும் அதை இப்போதுதான் கேட்கிறான்.

“ஏன் சொல்லல நீ?” என்று கேட்டான்.

“என்னன்னு சொல்றது? எனக்கும்தான் தெரிஞ்சுது, மூடி தெறந்து இருந்தாலும் ஓடும்னு. தெரிஞ்சுதான நின்னேன்.” அவள் அடுத்த காயை எடுத்து இரண்டு விரல்களால் கிள்ளினாள். அது வழுக்கியது. இடது கைக்கு மாற்றிக்கொண்டாள். “மிஷினு எப்ப ஓடும் தம்பி?”

“புதன்கிழம.”

“நல்லுசாமி வந்துட்டானா?”

“வந்துட்டாரு.”

“அப்ப சரி. நான் பிரிக்கற எடத்துலயே உக்காந்துக்கறேன்.”

மன்சூர் தலையாட்டினான். எழுந்து போக வேண்டியவன் போகவில்லை. குவியலிலிருந்து ஒரு பிடி அவரைக்காயை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு உரிக்க ஆரம்பித்தான். மணி உள்ளே போய்க் காப்பிக்குத் தண்ணீர் வைத்தான்.